சர்க்கரைப் பாகில் புல்தைலம்: வாங்கலாமா?

பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே வீடு முழுக்க வாசனை. மூடியைச் சரியாகத் திருகாமல் அனுப்பியிருந்தார்கள். அட்டைப்பெட்டியின் ஒரு மூலை எண்ணெயில் ஊறிக் கிடந்தது. 100 மில்லி சீசா, 450 ரூபாய், கூரியர் தனி. அப்பா மோந்து பார்த்துவிட்டு, "தேனீக்கு சென்ட் அடிக்கவா பிள்ளே இத வாங்கின?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது.

மழைக்காலத்தில் தேனீக்குக் கொடுக்கிற சர்க்கரைப் பாகில் கலப்பதற்கான கரைசல் இது. எலுமிச்சைப்புல் எண்ணெய் (புல்தைலம் என்பது இதுதான்), ஸ்பியர்மின்ட் என்கிற புதினா வகையின் எண்ணெய், இரண்டும் தண்ணீரோடு ஒட்டி நிற்க லெசித்தின். அமெரிக்காவில் இந்த மாதிரிச் சாமான் பல வருடமாக விற்பனையில் இருக்கிறது. நான் வாங்கியது இங்கே கலந்து விற்கிற ஒன்று. பெயர் வேண்டாம். வேறு சீசா வாங்கினாலும் நான் சொல்லப்போவது பெரிதாக மாறாது.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். ரப்பர் தோட்டத்துக்குள் 34 பெட்டி, எல்லாம் அடுக்குத் தேனீ என்கிற நம்ம நாட்டு இனம். ரப்பர் இலை உதிர்ந்து செம்பு நிறத்தில் தளிர் விடும்போதுதான் எங்களுக்குத் தேன். பூவில் கிடைப்பது கொஞ்சம்தான். இலைக்காம்பின் நுனியில், மூன்று இலை சேருகிற இடத்தில் ஊறுகிறது. பங்குனி தாண்டி இலை முற்றினால் அதுவும் நின்றுவிடும். ஆனியில் மழை பிடித்தால் ஐப்பசி வரைக்கும் பஞ்சகாலம். அந்த நாட்களில் பாகு கொடுக்காமல் விட்டால், ஒருநாள் காலையில் பெட்டியைத் திறக்கும்போது வெறும் அடைதான் இருக்கும். நம்ம தேனீக்கு ரோஷம் அதிகம். சாப்பாடு இல்லாத வீட்டில் இருக்காது.

பாகு காய்ச்ச சர்க்கரையும் தண்ணீரும் எடைக்கு எடை. ஒரு சிரட்டையில் ஊற்றி, தேனீ விழுந்து சாகாமல் இருக்க நாலு ஈர்க்குச்சி போட்டு, புழு அறையின் சட்டங்களுக்கு மேல் வைத்து மூடிவிடுவோம். வாரம் ஒருமுறை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். ஒரு லிட்டர் பாகுக்கு சுமார் 600 கிராம் சர்க்கரை போகும், 28 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் லிட்டருக்கு 5 மில்லி கலக்கச் சொல்லியிருக்கிறது. கணக்குப் போட்டால் 22 ரூபாய் 50 காசு. சாப்பாட்டு விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது வாசனை விலை.

சரி, வாங்கியாயிற்று. ஐந்து பெட்டிக்குத் தைலப் பாகு, ஐந்து பெட்டிக்கு வெறும் பாகு என்று பிரித்துக்கொண்டேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். தைலப் பாகு வைத்த சிரட்டையில் அடித்தளம் தெரிந்தது. விளிம்பைச் சுற்றித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. வெறும் பாகுச் சிரட்டையில் பாதி அப்படியே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவை எழுப்பிக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். விடியற்காலம் ஆறு மணிக்குப் பார்த்தால் பத்துச் சிரட்டையும் காய்ந்து கிடக்கிறது.

இந்தச் சாமானின் கதை இவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது. வேகமாகக் குடிக்கும் என்று விற்கிறார்கள், குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் விடிவதற்குள் தானாகவே காலியாகிற சிரட்டைக்கு வேகம் எதற்கு? ஆடி முடிய அப்படியே பிரித்துக் கொடுத்தேன். புழு அடையைத் தூக்கிப் பார்த்ததில் என் கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் ஓடி வருகிறது என்பதற்குக் காரணம் உண்டு. தேனீ பெட்டி வாசலில் நின்று வாலைத் தூக்கி இறக்கை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றின் கடைசியில் இருக்கிற நசனோவ் சுரப்பியைத் திறந்து, 'வீடு இங்கே, வாங்க' என்று கூட்டாளிகளைக் கூப்பிடுகிற வேலை அது. வெளிநாட்டு இனமான இத்தாலியத் தேனீயில் அந்த வாசனையைப் பிரித்துப் பார்த்ததில் ஜெரானியால், சிட்ரால் என்கிற வாசனைப் பொருள் எல்லாம் இருக்கிறது. எலுமிச்சைப்புல் எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரால்தான். ஆக, பாகுக்கு நாம் ருசி சேர்க்கவில்லை, மைக் செட் கட்டுகிறோம். மைக் செட் சத்தம் நம் வீட்டுக்கு மட்டுமா கேட்கும்?

அதைத்தான் மூன்றாவது வாரம் அனுபவித்தேன். அன்று வெக்காளித்திருந்ததால் மழைக்கு முன்னே முடித்துவிடலாம் என்று நாலரை மணிக்கே பாகு வைத்தேன். ஓரத்தில் இருந்த பெட்டி கொஞ்சம் சோனி, மூன்று சட்டத்துக்குத்தான் தேனீ. அதன் மேல்பலகையில் கைதவறிக் கொஞ்சம் சிந்தியும் விட்டது. துடைக்க ஈரத்துணி எடுக்க வீட்டுக்கு வந்து திரும்புவதற்குள் பெட்டியின் இடுக்கு முழுக்க மற்ற பெட்டித் தேனீக்கள் அப்பிக் கிடக்கின்றன. வாசல் பலகையில் இரண்டு இரண்டாகக் கட்டிப்புரண்டு கீழே விழுகின்றன. புல்லை நனைத்து வாசலில் ஒரு தேனீ போகிற அளவு மட்டும் விட்டு அடைத்தேன். ஈரச் சாக்கைப் போட்டுப் பெட்டியை மூடினேன். இருட்டிய பிறகுதான் அடங்கியது. மறுநாள் காலையில் வாசலுக்குக் கீழே ஒரு பிடி செத்த தேனீ. நாலாம் நாள் மீதி இருந்ததும் ராணியோடு பறந்துவிட்டது. நேரம் தவறியது, சிந்தியது இரண்டும் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் பாகை இதற்கு முன் எத்தனை தடவை சிந்தியிருக்கிறேன், இவ்வளவு வேகத்தில் கொள்ளை வந்ததில்லை. சோனிப் பெட்டிக்குத்தான் பாகு முக்கியம்; அதற்குத்தான் இந்தத் தைலம் ஆபத்து.

லேபிளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்றால், பெட்டிக்கு ஒரு லிட்டர் வை என்று இருக்கிறது. அது இத்தாலியத் தேனீயின் பெரிய பெட்டிக்கு எழுதின அளவு. நம்ம பெட்டிக்கு 200, 250 மில்லி போதும்; மிஞ்சினால் எறும்புக்குத்தான் விருந்து. 'வர்ரோவா உண்ணியை ஒழிக்கும்' என்று கொட்டை எழுத்தில் வேறு. தேனீயின் மேல் ஒட்டி வாழ்கிற அந்த உண்ணியின் பூர்வீகமே நம்ம அடுக்குத் தேனீதான். இவை ஒன்றையொன்று சீவிச் சுத்தம் செய்துகொள்ளும், உண்ணியும் பெரும்பாலும் ஆண்புழு அறையில்தான் பெருகும். காலகாலமாக ஒத்துப்போய் வாழ்கின்றன. இத்தாலியத் தேனீ வளர்ப்பவருக்கு அது எமன், எனக்கு இல்லை. பிறகு 'வைரஸ் நோய்க்கும் நல்லது' என்று ஒரு வரி. 1991, 92-இல் தாய்லாந்து சாக்புரூட் என்கிற, புழுவைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து எங்கள் மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானபோது, புழு தண்ணீர்ப் பை மாதிரி தொங்கியதை இன்றைக்கும் அப்பா கையால் காட்டுவார். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து பிரித்துப் பெருக்கித்தான் மீண்டார்கள். இந்த ஒரு வரிக்காகவே மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைக்கிறேன்.

இன்னொன்று. சீசாவில் இருப்பது கரைசல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற சுத்தப் புல்தைலம் வேறு. ஐந்து மில்லி என்று படித்துவிட்டு சுத்தத் தைலத்தை அந்த அளவில் ஊற்றினால் தேனீ பாகைத் தொடாது, தொட்டால் சாகவும் செய்யலாம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும், தேனீயின் வாய் முதலில் படுவதும் அங்கேதான். காசை மிச்சம் பிடிக்க நானே செய்து பார்த்தேன்: சோயா லெசித்தினை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பாகில் லிட்டருக்கு 2 சொட்டு என்ற கணக்கில் தைலம் விட்டு, மிக்சியில் ஒரு சுற்று. வெள்ளையாக, பிரியாமல் வந்தது, விலைக்கு வாங்கினதை விட மோசமில்லை. சூடான பாகில் விட்டால் வாசனை ஆவியாகிவிடும், அதனால் ஆறவிடுங்கள். மிக்சி ஜாரைத் தனியாக வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தேங்காய்ச் சட்னி புல்தைலச் சட்னியாகவே இருந்தது. அம்மா என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மீதிப் பாகு மூன்றாம் நாளே நுரைத்துப் புளித்துவிடும். தைலம் கலந்தது ஒரு வாரம் புளிக்காமல் நின்றது. வெளிநாட்டில் இதற்கென்றே பாகில் தைமால் சேர்ப்பவர்கள் உண்டு. நம்ம ஓமத்தின் காரமும் அதுவேதான். நூறு பெட்டிக்கு மொத்தமாகக் காய்ச்சி வைப்பவருக்கு இது பெரிய உதவி. என்னைப் போல அன்றன்றைக்குக் காய்ச்சுகிறவளுக்கு அவ்வளவு இல்லை.

எனக்கு நிஜமாகப் பயன்பட்டது வேறு இடத்தில். கார்த்திகையில் கூடு பிரிந்து கூட்டங்கள் இடம் தேடி அலையும். நாலு பழைய மண்பானையை எடுத்து, உள்ளே தேன்மெழுகு உருக்கித் தடவி, கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து, பலா மரத்திலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் கட்டினேன். மறுநாளே வேவு பார்க்கிற தேனீக்கள் பானை வாயில் நுழைந்து நுழைந்து வந்தன. பத்து நாளில் இரண்டு பானையில் கூட்டம் ஏறிவிட்டது. "மெழுகு தேச்சாலே வருமே" என்றார் அப்பா. வரும்தான். போன வருடம் மெழுகு மட்டும் தேய்த்து ஒன்றுதான் வந்தது. ஒரு வருடக் கணக்கை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

பாகுக்கென்றால் ஐந்துக்கு ஒன்றரை. பானைக்கென்றால் மூன்றரை. பானைக்கு இவ்வளவு பெரிய சீசா தேவையில்லை. சுத்தத் தைலம் சின்னக் குப்பி ஒன்று போதும். பாகில் கலந்தே தீருவேன் என்றால் பலமான பெட்டிக்கு மட்டும், இருட்டின பிறகு, சிந்தாமல் வையுங்கள். தேன் அறை வைப்பதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். ரப்பர் தேனில் புல்தைல வாசனை அடித்தால் வாங்க வருகிறவர் பெட்டி பக்கமே திரும்ப மாட்டார்.

சீசாவில் இன்னும் கால்வாசி இருக்கிறது. போன வாரம் அம்மா நல்ல வாசனையாக இருக்கிறதே என்று தரை துடைக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிவிட்டாள். அரை மணி நேரத்தில் திண்ணையில் பத்திருபது தேனீ வந்து தூணைத் தூணாக மோந்துகொண்டு திரிந்தன. அப்பா சாய்வு நாற்காலியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.