3 அடி மரைன் டேங்கிலிருந்து பெரிசுக்கு: உயரமான 4 அடியா, 5 அடியா, 6 அடியா?

சென்னையில் 3 அடி மரைன் டேங்க் (கடல்மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் பெரிய தொட்டிக்கு மாற நினைக்கும்போது பெரும்பாலும் மூன்று அளவுகளில் வந்து நிற்கிறார்கள். ஹாலில் இடம் இல்லை, அதனால் 4 அடி நீளத்திலேயே உயரத்தை இரண்டரை அடியாக்கிவிடலாம் என்பது ஒன்று. நடுவாக 5 அடி. செய்வதே ஒரு தடவைதான், முழுசாகவே செய்துவிடலாம் என்று 6 அடி. மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் கேட்டால் மூன்றையும் செய்து கொடுப்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீளத்துக்கும் அகலத்துக்கும் பணம் கொடுங்கள், உயரத்துக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும், கரண்ட் போனால் கைகொடுக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கிய பிறகு கையில் மிஞ்சும் பணத்தில் எவ்வளவு நீளம் வருகிறதோ அதுதான் உங்கள் தொட்டி.

| | 4 × 2 × 2½ அடி | 5 × 2 × 2 அடி | 6 × 2 × 2 அடி |
|---|---|---|---|
| கொள்ளளவு | 566 லிட்டர் | 566 லிட்டர் | 680 லிட்டர் |
| உப்புநீரின் எடை | 580 கிலோ | 580 கிலோ | 695 கிலோ |
| நீரின் மேற்பரப்பு | 8 சதுர அடி | 10 சதுர அடி | 12 சதுர அடி |
| தரையில் சதுர அடிக்கு நீர் எடை | 72 கிலோ | 58 கிலோ | 58 கிலோ |

இது விளிம்புவரை நிரப்பியதாக வைத்துப் போட்ட கணக்கு. இப்போது இருக்கும் 3 × 1½ × 1½ அடித் தொட்டியில் 191 லிட்டர்தான் பிடிக்கும். ஆக, எதை எடுத்தாலும் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது.

உயரம் ஏன் வேண்டாம்

முதல் இரண்டு தொட்டிகளிலும் தண்ணீர் ஒரே அளவு. ஆனால் கண்ணாடி மேல் விழும் அழுத்தம் தண்ணீரின் மொத்த அளவைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறது. இரண்டு அடியிலிருந்து இரண்டரை அடிக்குப் போனால் அடிமட்டத்தில் அழுத்தம் 25 சதவீதம் ஏறுகிறது. மேலே சுற்றிலும் பட்டை ஒட்டிய 12 மிமீ கண்ணாடி போதும் என்று விட்டிருக்கக்கூடிய இடத்தில் 15 மிமீக்குப் போக வேண்டியிருக்கும். அதே செலவில் நீளத்தைக் கூட்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய காரணம் ஆக்ஸிஜன். ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீரில் கரையும் ஆக்ஸிஜன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூடு ஏற ஏற இன்னும் குறையும். அது தொட்டிக்குள் வருவது மேற்பரப்பு வழியாக. ஒரே 566 லிட்டருக்கு 4 அடித் தொட்டி 8 சதுர அடியும் 5 அடித் தொட்டி 10 சதுர அடியும் கொடுக்கின்றன. நம் ஊர் மே மாதத்தில் இந்த 2 சதுர அடிக்கு மதிப்பு அதிகம்.

மீனுக்கும் நீளம்தான் வேண்டும். சின்னத் தொட்டியை விட்டுப் பெரிதாகப் போகிறவர்களில் பலருக்கும் மனதில் இருப்பது டாங் வகை மீன். புளூ டாங் வளர்ந்தால் ஓர் அடியைத் தொடும். பாறையோரமாக நாள் முழுக்க நீளவாக்கில் ஓடித் திரியும் மீன் அது. 4 அடித் தொட்டியில் அதற்குத் திரும்பவே நேரம் சரியாக இருக்கும். டாங் வேண்டும் என்றால் 6 அடிதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. க்ளவுன், டாம்செல், கோபி மாதிரி சின்ன மீன்கள் போதும் என்பவருக்கு 5 அடி தாராளம். உயரமான 4 அடித் தொட்டி இரு தரப்புக்குமே பொருந்தவில்லை. தரையைச் சுத்தம் செய்ய அக்குள்வரை கையை விட்டும் எட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரை தாங்குமா

ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டிடத் தர விதிப்படி வீட்டு அறைத் தளத்துக்கு எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். சதுர அடிக்கு ஏறக்குறைய 19 கிலோ. பட்டியலில் இருக்கும் 58 கிலோவைப் பார்த்ததும் பயம் வரும். அந்த 19 கிலோ அறை முழுக்கப் பரவிய சுமை, தொட்டி உட்காருவதோ சுவரோரமாக 12 சதுர அடியில். அதனால் நேராக ஒப்பிட்டு முடிவெடுக்க முடியாது. ஆனால் 6 அடித் தொட்டிக்குக் கண்ணாடி, சம்ப் (தொட்டியின் அடியில் வைக்கும் வடிகட்டும் தொட்டி), பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். தரைத்தளத்தில் கவலை இல்லை. மாடியில் என்றால் பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதன் மேல் அல்லது சுமை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். அதற்கு முன் கட்டிடத்தின் வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். மேஸ்திரி சொல்வது போதாது.

தரைத்தளத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் 2015 டிசம்பரில் தரைத்தளங்களில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தோம். சம்ப்பும் பம்ப்பும் பிளக் பாயின்ட்டும் தொட்டியின் அடியில்தான் இருக்கும். அந்த மாதிரி தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு நான் முதல் மாடியில் 5 அடியைத்தான் சொல்வேன், இன்ஜினியர் சரி சொன்னால்.

உள்ளூர்க் கண்ணாடி, அக்ரிலிக், இறக்குமதி செட்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அக்ரிலிக் எடையில் கண்ணாடியில் பாதிகூட இல்லை, வெப்பத்தையும் குறைவாகவே கடத்தும். சில்லர் ஓட்டும் வீட்டுக்கு இரண்டும் நல்ல குணங்கள். ஆனால் கெட்டியாகப் படியும் கோரலைன் பாசியைச் சுரண்டும்போது கீறல் விழுந்துவிடும், மரைன் டேங்கில் சுரண்டாமல் இருக்க முடியாது. ரெட் சீ ரீஃபர் மாதிரி இறக்குமதி செட்கள் அழகு. ஓவர்ஃப்ளோ (மேல்மட்டத் தண்ணீரை சம்ப்புக்கு இறக்கும் அமைப்பு), சம்ப், குழாய் எல்லாம் அளவெடுத்து வரும். அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இங்கே ஒரு சில்லர் வந்துவிடும் என்பதே என் ஆட்சேபம்.

உள்ளூரில் செய்யும்போது இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். டஃபன் செய்த (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது, போட்டால் மொத்தமும் நொறுங்கும். அதனால் ஓவர்ஃப்ளோ துளைகளின் இடத்தை ஆர்டர் கொடுக்கும்போதே முடிவு செய்யுங்கள். அடுத்தது ஸ்டாண்ட். உப்புநீர் சொட்டும் இடத்தில் சாதாரண இரும்பு நிலைக்காது. பவுடர் கோட்டிங் உரிந்த இடத்திலிருந்து துரு உள்ளே போகும். இடம் மாற்றும் எண்ணம் இல்லாத சொந்த வீடு என்றால் செங்கல் கட்டி மேலே கடப்பா கல் போடுவதை எதுவும் மிஞ்சாது. வாடகை வீட்டுக்கு அது ஆகாது.

ஓவர்ஃப்ளோவில் ஹெர்பி முறைக்கு இரண்டு குழாய், பீன் அனிமல் முறைக்கு மூன்று. மூன்றாவது குழாய் எப்போதும் காலியாகவே இருக்கும். மற்ற இரண்டும் அடைத்துக்கொண்டால் மட்டும் தண்ணீர் அதில் இறங்கும். 6 அடித் தொட்டிக்கு அந்த ஒரு குழாய்ச் செலவைப் பார்க்காதீர்கள். கரண்ட் போனால் மேலேயிருந்து இறங்கும் தண்ணீரை சம்ப் தாங்க வேண்டும். 6 அடித் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 28 லிட்டர்.

சில்லரா, ஃபேனா, ஏசியா

பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட இடம் இதுதான். கோடையில் ஏசி இல்லாத ஹாலில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு வந்துவிடும். நமக்கு வேண்டியது 25 முதல் 27.

ஃபேனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.67 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்தைக் கொண்டுபோகிறது. சில வாட் இழுக்கும் ஃபேனுக்கு அது பெரிய வேலை. ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் ஆவியாவது குறைந்துவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பகுதிகளில் மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்ததும் ஃபேனின் பலன் சுருங்கிவிடும். இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் பெரிது. போகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் உப்பு ஏறும். 6 அடித் தொட்டியில் இது குடக்கணக்கில் போகும். ஹால் சுவரும் ஓதம் அடிக்கும்.

சில்லர் 450 வாட் இழுக்கிறது, மே மாதத்தில் நாளுக்கு 10 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 4.5 யூனிட், இரண்டு மாத பில்லில் 270 யூனிட். அதோடு வீட்டு உபயோகமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகை ரேட்டும் குறைந்துவிடும், பில் சட்டென்று குதிக்கும். தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் போன கோடை பில்லை எடுத்து 270ஐக் கூட்டிப் பாருங்கள். சில்லர் வெளியே தள்ளும் சூடு அறைக்குள்ளேயே சுற்றக் கூடாது. பால்கனியில் வைத்துக் குழாயை உள்ளே இழுப்பது நல்லது.

தொட்டிக்காக மட்டும் அறை ஏசியைப் பகலிலும் போட்டு வைப்பது கட்டுப்படியாகாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், எப்படியும் அந்த அறையில் ஏசி ஓடுகிறது என்றால் மட்டும் அது சரி.

சில்லருடன் 5 அடியா, ஃபேனுடன் 6 அடியா என்று வந்தால் யோசிக்காமல் 5 அடியை எடுங்கள்.

கரண்ட் போனால்

வர்தா புயலின்போது 2016 டிசம்பரிலும், மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரிலும் நகரத்தின் சில பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டிசம்பரில் சூடு பிரச்சினை இல்லை, மீன் மூச்சு முட்டித்தான் சாகும். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஏட்டுக்கணக்கில் 1.8 யூனிட் இருக்கிறது. அதில் சில்லரை மாட்டினால் மூன்று நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 20 வாட் வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் சின்ன பம்ப்) மட்டும் மாட்டி மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டிருந்தால் ஒரு நாளுக்கு மேலேயே ஓடும். வீட்டு லைட்டும் ஃபேனும் இல்லாத தனி இன்வெர்ட்டராக அது இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் பெரிய தொட்டிக்கு ஓர் அனுகூலம் உண்டு. மீன் எண்ணிக்கையை ஏற்றாமல் இருந்தால், ஆக்ஸிஜன் தீரவும் சூடு ஏறவும் சின்னத் தொட்டியைவிட அதிக நேரம் பிடிக்கும்.

உப்பும் பாறையும்

6 அடித் தொட்டியும் சம்ப்பும் சேர்த்து, பாறை அடைக்கும் இடம் போக, 750 லிட்டர் என்று வைத்தால் முதல் நிரப்பலுக்கே 28 கிலோ உப்பு. வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 12 லிட்டர் தரும் ஆர்ஓவில் 750 லிட்டர் பிடிக்க 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கேற்ற டிரம்கள் வேண்டும். கடலிலிருந்தே கொண்டு வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் கரையோரத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும், ஆற்று முகத்துவாரத்தின் அருகே கழிவும் சேரும். நான் சொல்ல மாட்டேன்.

பாறை விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்திலிருந்து 'லைவ் ராக்' (பவளத் திட்டிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய பாறை) வருகிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கல்பவளங்கள், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செத்த பவளமானாலும் பவளம்தான். சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், நம் ஹாலுக்காக அந்தத் திட்டுகளை உடைப்பதை என்னால் ஏற்க முடியாது. செயற்கை உலர் பாறை போதும், பாக்டீரியா பிடிக்கக் கொஞ்சம் காலம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். மீனிலும் பண்ணையில் பிறந்ததைத் தேடுங்கள். க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டைக் கடல்சார் உயிரியல் மையமும் நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கின்றன.

ஒரே நாளில் மாற்றுவதா, இரண்டையும் ஓட்டுவதா

பழைய பாறை, பழைய தண்ணீர், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பெரிய சிக்கல் வராது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பாறையில்தான் இருக்கிறது, மீன் எண்ணிக்கையும் மாறவில்லை. கெடுப்பது மணல். அடியில் தங்கிய அழுக்கைக் கிளறி அப்படியே கொட்டினால் அம்மோனியா ஏறும். கடல்நீரின் பிஎச் 8.2 அருகில் இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே கடுமையாகத் தாக்கும். பழைய மணலில் ஒரு கைப்பிடி போதும், மீதியைப் புதிதாகப் போடுங்கள்.

இடம் இருந்தால் இரண்டையும் சில வாரம் சேர்த்து ஓட்டுவதே எனக்குப் பிடித்த வழி. புதுத் தொட்டியில் பாறை பழகும், கசிவு இருந்தால் மீன் இல்லாதபோதே தெரிந்துவிடும், சில்லர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மீட்டரிலும் பார்த்துவிடலாம்.

அப்புறம் பழைய 3 அடித் தொட்டி. விற்றால் சில்லர் செலவில் கொஞ்சம் தேறும் என்று தோன்றும். விற்காதீர்கள். 6 அடியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் உள்ளே காப்பர் மருந்து ஊற்ற முடியாது, பாறை அதை உறிஞ்சிக்கொள்ளும், இறால் நத்தைகள் சாகும். மீன்களை எல்லாம் பிடித்து வெளியே வைத்து, பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விட வேண்டும் என்பதுதான் பலரும் பின்பற்றும் பாதுகாப்பான கணக்கு. அத்தனை நாள் அவற்றை வைக்கப் பழைய தொட்டியை விட்டால் வேறு இடம் கிடையாது. பாறையும் மணலும் இல்லாமல், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் இரண்டு துண்டு பிவிசி குழாயும் போட்டு அதை ஓட்டிக்கொண்டிருங்கள். புதிதாக வாங்கும் ஒவ்வொரு மீனும் நான்கு வாரம் அதில் இருந்துவிட்டுப் பெரிய தொட்டிக்குப் போகட்டும்.