சாவிக்கொத்தும் ராத்திரி மாத்திரையும்

திருவிழாவுக்காகத்தான் சிங்கப்பூரிலிருந்து போயிருந்தேன். திருச்சியில் இறங்கி ஒன்றரை மணி நேரம் உள்ளே போகவேண்டிய ஊர். மூன்றாம் நாள் காலை, திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு வலது கை வெட்ட ஆரம்பித்தது. டம்ளர் உருள, ஆளும் சரிந்துவிட்டார்.

போன வருடம் அவருக்குத் தலையில், மெதுவாக வளரும் க்ளியோமா என்ற கட்டியை எடுத்திருந்தார்கள். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, மறுபடியும் எப்படி ஃபிட்ஸ்?" என்று சித்தி அலற, பக்கத்து வீட்டு மாமா சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். இன்னொருவர் வாயில் கரண்டியை வைக்கப் பார்த்தார். இருவரையும் தடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கைபேசியில் நேரம் பார்த்தேன். கம்பெனியில் கட்டாயப்படுத்தி அனுப்பிய முதலுதவி வகுப்பின் புண்ணியம். இரண்டு நிமிடத்தில் வெட்டு நின்றது.

108 சீக்கிரமே வந்தது. வண்டியில் வந்த தம்பி முதல் வேலையாக விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். காசு ஒரு பைசா கேட்கவில்லை.

அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரை நாங்களேதான் தள்ளினோம். ஆனால் அங்கிருந்த இளம் டாக்டரம்மா பேசியது போல இதுவரை யாரும் சித்தியிடம் பேசியதில்லை. "நேத்து ராத்திரி மாத்திரை போட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி. போடவில்லை, விடிய விடியக் கரகாட்டம் பார்த்தவர். மாத்திரையும் இல்லை, தூக்கமும் இல்லை, அது போதுமாம்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதுசு. வேகமாக வளரும் க்ளியோபிளாஸ்டோமாவை விட, மெதுவாக வளரும் கட்டியில்தான் வலிப்பு அதிகம். பத்துப் பேரில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு வருகிறது. கட்டியை எடுத்த பிறகும் சுற்றியுள்ள மூளைப் பகுதி உறுத்தலோடே இருக்கலாம். அதே சமயம், கட்டி இருக்கிறது என்பதற்காக வலிப்பே வராதவருக்கு வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் இல்லையாம்.

சித்தி மெல்லக் கேட்டார்: "இப்பல்லாம் சும்மா சும்மா எரிஞ்சு விழுறாரும்மா." அவர் போடும் லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றிக்கொடுக்க வழியிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு வருடமாகத் தன் மேல்தான் கோபம் என்று நினைத்திருந்த சித்தி அங்கேயே அழுதுவிட்டார்.

கோபமெல்லாம் எனக்கு அறுவை செய்த தனியார் மருத்துவமனை மேல்தான். லட்சக்கணக்கில் பில், டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம், வீட்டில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கிடையாது.

டாக்டர் எழுதிக்கொடுத்த மிடசோலாம் மூக்கு ஸ்ப்ரே எங்கள் ஊர் மெடிக்கலில் இல்லை. திருச்சியிலிருந்து வரவழைக்க இரண்டு நாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வெட்டு நிற்காவிட்டால் அடிக்க வேண்டியது. அப்போதும் 108ஐக் கூப்பிட்டே ஆகவேண்டும். இதைத் தமிழில் பெரிசாக எழுதி, சாவிக்கொத்து தொங்கும் ஆணிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.