நாட்குறிப்பா, கைப்பட்டையா, செல்போனா: அன்றாடத் தரவை ஆய்வுக்குக் கொடுக்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் நாள் பொழுது விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிசெய்து, பிறகு பாலெடுத்து ஷீட் அடித்து வீடு திரும்பும் என் அப்பாவுக்குத் தூக்கம் இரவில் நான்கு மணி நேரமும் மதியத்தில் இரண்டரை மணி நேரமுமாகப் பிரிந்தே கிடைக்கிறது. மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கும் இரத்த அழுத்தத்தில் இந்த வாழ்க்கை தெரிவதில்லை. 1948இல் 5,209 பேரோடு தொடங்கிய அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வுகூட மக்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரவழைத்துத்தான் பரிசோதித்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பிடிக்கத்தான் பல்கலைக்கழகங்கள் இப்போது உறக்கம், நடை, உணவு, மனநிலை ஆகிய அன்றாடத் தரவுகளைக் கேட்கின்றன. எழுதிவைக்கும் நாட்குறிப்பு, கையில் கட்டும் பட்டை, செல்போன் என்று கேட்கும் வழிகள் மூன்று. எந்த ஆய்விலும் சேராமல், எங்கள் வீட்டிலேயே பதினைந்து நாள் இம்மூன்றையும் வைத்துப் பார்த்த அனுபவத்தோடு இதை எழுதுகிறேன்.

நாட்குறிப்பு மலிவானது, சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம். ஆனால் எழுதியது எழுத வேண்டிய நேரத்தில்தான் எழுதப்பட்டதா என்பது அதில் தெரியாது. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட வலியுள்ளவர்களுக்குக் கொடுத்த நாட்குறிப்பு ஏட்டுக்குள் ஒளியை உணரும் கருவியை மறைத்துவைத்து, ஏடு எப்போது திறக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்தார்கள். குறித்த நேரத்தில் எழுதியதாக 90 சதவீதப் பதிவுகள் காட்டின. உண்மையில் அப்படி எழுதப்பட்டவை 11 சதவீதம் மட்டுமே. மின்னணுக் கருவியில் பதிந்தவர்களிடம் அது 94 சதவீதமாக இருந்தது. எங்கள் வீட்டு நோட்டிலும் இதுதான் நடந்தது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். வியாழன் இரவு விளக்கு வைத்த பிறகு அம்மா மூன்று நாளையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இதில் அவரிடம் பிழை காண எனக்கு மனமில்லை. வேலை முடிந்து உட்காரும் நேரத்தில் எழுதச் சொல்லும் முறையில்தான் குறை இருக்கிறது. அப்படி இருந்தும், மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்டதையும், புதனன்று மகள் வீட்டுக் கவலையில் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொன்னது அந்த நோட்டு மட்டுமே.

கைப்பட்டையின் பலம், அது யாருடைய நினைவையும் நம்பி இருப்பதில்லை என்பதுதான். பிரிட்டனின் யூகே பயோபேங்க் 2013 முதல் 2015 வரை ஏறத்தாழ ஒரு இலட்சம் பேருக்கு, அசைவை அளக்கும் முடுக்கமானியை ஏழு நாள் மணிக்கட்டில் கட்டிவைத்தது. அதில் திரை இல்லை, அடி எண்ணிக்கை தெரியாது; ஆகவே எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்காக யாரும் கூடுதலாக நடக்க வழியில்லை. கடையில் வாங்கும் ஸ்மார்ட் வாட்ச் அப்படியல்ல. நாங்கள் வாங்கிய வாட்ச் அப்பாவின் மதியத் தூக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல், அவர் நாளுக்கு நான்கு மணி நேரமே உறங்குவதாகக் காட்டியது; மரத்தடியில் நின்று பட்டை சீவும் கையசைவில் ஒரு பகுதியை நடையாக எண்ணியது. இரவில் உறங்கிப் பகலில் வேலை செய்பவரை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு, பால் வெட்டுபவரிடமும், நள்ளிரவில் கடலுக்குப் போகும் குளச்சல், முட்டம் மீனவரிடமும் தவறுவதில் வியப்பில்லை. இத்தகைய வாட்சுகள் தோலுக்குள் ஒளியைச் செலுத்தித்தான் நாடித்துடிப்பை அளக்கின்றன. அதே வகையில் ஒளியைக் கொண்டு ஆக்சிஜனை அளக்கும் விரல் கருவி, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான குறைவை ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். வெயிலும் உப்புநீரும் படும் கரிய கைகளில் சோதித்துப் பார்க்காத வாட்சை இங்கே ஆய்வுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யாரிடமிருந்து தரவு வருகிறது என்பது இன்னொரு கேள்வி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆப்பிள் இதய ஆய்வில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஆனால் ஐபோனும் ஆப்பிள் வாட்சும் வைத்திருந்தவர்களே சேர முடிந்தது. சொந்த வாட்ச் வைத்திருப்பவர்களை மட்டும் கொண்டு இங்கே ஆய்வு செய்தால் நாகர்கோவில் நகரத்து அலுவலர்களைப் பற்றித் தெரியவரும். முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

செல்போன் வழிக்கு டார்ட்மவுத் கல்லூரியின் 2013ஆம் ஆண்டு ஆய்வு நல்ல சான்று. 48 மாணவர்களைப் பத்து வாரம் போன் வழியாகத் தொடர்ந்ததில், கல்விப் பருவம் முன்னேற முன்னேற மன அழுத்தம் ஏறியதும், உறக்கமும் பேச்சும் நடமாட்டமும் குறைந்ததும் தெரிந்தன. அங்கே ஒரு போன் என்றால் ஒரு மாணவர். எங்கள் வீட்டில் அம்மாவின் போன் பாதி நாள் அடுக்களைத் தட்டில் இருக்கும், மீதி நாள் பேரன் கையில் இருக்கும். அதன் அசைவை அம்மாவின் அசைவாக எடுத்துக்கொண்டால் அவர் மாலையெல்லாம் கிரிக்கெட் விளையாடினார் என்றாகிவிடும். ஆனால் நாளுக்கு நான்கு முறை நான் அழைத்து, தமிழில் குரலாக, “இப்ப உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டபோது, நோட்டில் எழுதாததையெல்லாம் அம்மா தயங்காமல் சொன்னார்.

போனில் நான் அஞ்சுவது இருப்பிடத் தரவை. 15 இலட்சம் பேரின் செல்போன் தரவை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் கிடைத்தாலே 95 சதவீதத்தினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. பெயரை நீக்கிவிட்டோம் என்ற உறுதிமொழி இதற்கு முன் நிற்காது. தோட்டம், ஆலயம், ரேஷன் கடை, மகள் வீடு என்று நான்கு இடத்தைச் சொன்னால் எங்கள் ஊரில் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே என் தேர்வு கலப்பு முறைதான். திரையில்லாத பட்டையை ஏழு நாள் கட்டட்டும். போனில் இருப்பிடத்தை அணைத்துவிட்டுக் குரல் கேள்விகள் மட்டும் வரட்டும். உணவை எழுதச் சொல்லாமல், இரண்டு மூன்று நாள் ஒருவர் வீட்டுக்கு வந்து முந்தைய நாள் சாப்பிட்டதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். செலவு கூடும், ஆள் வேண்டும். கல்லூரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அது முடியாத காரியமல்ல.

திரட்டிய தரவு யாரிடம் இருப்பது என்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. வழக்கமாக அது பல்கலைக்கழகத்தின் சர்வரில் இருக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழிசெய்யச் சொல்கிறது. ஆனால் தனி ஒருவரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படுத்தாத ஆராய்ச்சிக்கு, வகுத்த தரங்களைப் பின்பற்றினால், அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. எனவே ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கண்டிப்பையே நாம் நம்பியிருக்க வேண்டும். மற்றொரு வழியாக, 2015இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய மிடேட்டா என்ற கூட்டுறவு அமைப்பில், எந்த ஆய்வுக்குத் தன் தரவைக் கொடுப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்கிறார்கள். மீனவர் கூட்டுறவும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கமும் பழகிய நம் மக்களுக்கு இரண்டாவது வழி எளிதில் விளங்கும். நான் அதன் பக்கமே நிற்கிறேன்.

பதினைந்தாம் நாள் வாட்சைக் கழற்றியபோது அப்பா கேட்டார்: “இத வச்சு எனக்கு என்ன மக்களே சொல்லுவாவ?” ஆய்வுக் கட்டுரை வெளிவர ஆண்டுகள் ஆகும். அதற்கு முன், அவருடைய இரவுத் தூக்கமும் மதியத் தூக்கமும் இரத்த அழுத்தமும் ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சாகி, குலசேகரத்தில் அவர் பார்க்கும் டாக்டரிடம் காட்டும்படி அவர் கைக்கு வர வேண்டும். இதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதித் தரும் ஆய்வு வந்தால், அதில் அவரைச் சேர்க்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.