மெத்தை சரி, மரம் சரி, அந்தத் தாழ்தான்

நாங்கள் வாங்கிய அதே கிரிப் (பிள்ளை படுக்கிற, சுற்றிலும் கம்பி வைத்த மரக் கட்டில்) இப்போது விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று ஏற்காட்டில் இருக்கும் நண்பன் கேட்டான். போனில் சொன்னால் திட்டு மட்டும்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

மரத்தில் குறை சொல்ல முடியாது. வருஷம் தாண்டியும் ஆட்டமில்லை. கம்பிகளுக்கு நடுவில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. அதற்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மெத்தை கெட்டியாக, தட்டையாக இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் இலவம்பஞ்சில் மெத்தென்று ஒன்று தைக்கலாம் என்றார் அம்மா. அமுங்குகிற மெத்தையில் முகம் புதைந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்று நான் மறுத்ததில் அவருக்கு இன்னும் வருத்தம். சேலம் மே மாதத்தில், கரண்ட் போன மதியத்திலும்கூட, தூளியில் முதுகு நனைகிற மாதிரி இதில் நனையவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் தூளியில் பழகிய பிள்ளையைத் தட்டை மெத்தைக்கு மாற்றுவது லேசில்லை. சேலை நாலு பக்கமும் அணைத்துப் பிடிக்கும். இங்கே போட்டதும் கையை விரித்துத் திடுக்கிடும். அந்தத் திடுக்கிடல் ஆறு மாசத்துக்குள் தானாக மறையும். அதுவரை முதலில் பகல் தூக்கத்துக்கு மட்டும் இதில் போட்டோம். கண் சொருகும்போதே, முழுசாகத் தூங்குமுன், முதலில் கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை என்று மல்லாக்க இறக்கி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டே நிற்க வேண்டும். மூச்சு சீரானதும் கையை ஒவ்வொரு விரலாக எடுத்து, இறக்கிவிட்ட பக்கக் கதவை மேலே தூக்கினால், ஸ்பிரிங் தாழ் விழும்: டக்! பிள்ளை முழித்துக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. இதை வடிவமைத்தவர் வீட்டில் குழந்தையே இருந்திருக்காது.

அம்மாப்பேட்டை ஆசாரியைக் கூப்பிட்டேன். “ரப்பர் ஒட்டலாம் சார், சத்தம் போயிடும், ஆனா தாழ் முழுசா உக்காராது” என்றார். இறங்கும் கதவு கழன்று குழந்தைகள் சிக்கிக்கொண்டதால் அமெரிக்காவில் 2011லேயே இந்த வகை விற்பனையை நிறுத்திவிட்டார்கள், தெரியுமா? கதவைத் திருகு போட்டு நிரந்தரமாக மூடச் சொல்லிவிட்டேன். சத்தம் போச்சு, பதிலுக்கு மூடிய கதவுக்கு மேலாகக் குனிந்து குனிந்து இடுப்பு வலி வந்தது, பிள்ளை உட்கார ஆரம்பித்து மெத்தையைக் கீழே இறக்கியபின் இன்னும் அதிகம்.

எதை வாங்கினாலும், ஏற்காட்டுக் குளிருக்கு என்று கிரிப்புக்குள் கம்பளிப் போர்வை போடாதே, தூங்கும்போது குல்லாவும் வேண்டாம். சட்டைக்கு மேல் சட்டை போடு.

வாங்கலாமா என்றால், வேண்டாம். கதவு இறங்காத மாடலாகப் பார். என் மனைவியைக் கேட்டால் தாராளமாக வாங்கு என்பாள். ராத்திரி தாழ் போடுவது அவள் வேலையாக இருந்ததில்லை.