மெழுகு நானோ கேப்சூல் கலந்த கூலன்ட்: நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தவை

இன்வெர்ட்டருக்கான ஐஜிபிடி மாட்யூல்களை, அதாவது பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் செமிகண்டக்டர் ஸ்விட்சுகளைச் சோதிக்கும் எங்கள் பெஞ்சில், சூட்டை இழுக்கும் திரவமாக ஒரு வருடத்துக்கும் மேலாக இந்தக் கூலன்ட்தான் ஓடுகிறது. தண்ணீரில் நானோ கேப்சூல்கள் எனும் கண்ணுக்கே தெரியாத சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் பாரஃபின் மெழுகு, வெளியே சிலிக்கா ஓடு. மாட்யூலோடு ஒட்டியிருக்கும் கோல்ட் பிளேட் (cold plate) எனும் குளிர்விக்கும் தட்டில் மெழுகு உருகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், ரேடியேட்டரில் மறுபடி உறையும்.

வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐகோசேன் என்ற பாரஃபின் மெழுகு ஒரு கிலோ உருக 240 கிலோஜூல் போல வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 போதும். கேட்க அமர்க்களமாக இருக்கிறது, ஆனால் எடையில் 10 சதவீதம் கேப்சூல், அதில் முக்கால்வாசி மெழுகு என்றால் கூலன்ட் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 18 கிலோஜூல்தான். உள்ளே போகும் திரவத்துக்கும் வெளியே வருவதற்கும் 4 டிகிரிதான் வித்தியாசம் இருக்க வேண்டும் என்றால் அந்த 18-ஐயும் சேர்த்துக் கூலன்ட் தண்ணீரைப்போல இரண்டு மடங்கு வெப்பத்தைத் தூக்கும். 20 டிகிரி வரை விடலாம் என்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது, அவர்கள் தண்ணீரோடு நிற்பதே நல்லது.

உருகுவதில் பிரச்சினையே இல்லை, உறைவதில்தான் எல்லாமே. முதலில் எங்களுக்கு வந்தது ஐகோசேன், 37 டிகிரி வாக்கில் உருகும். மே மாதம் ரேடியேட்டருக்கு வரும் காற்றே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் இருந்தால் மெழுகு எப்படி உறையும்? போதாததற்கு, இவ்வளவு சின்னக் கேப்சூலுக்குள் இருக்கும் மெழுகு உருகுநிலைக்குப் பல டிகிரி கீழே போனால்தான் உறையவே ஆரம்பிக்கும். உறையாத மெழுகு சும்மா சுற்றி வரும், கேப்சூல் கலந்த திரவம் தண்ணீரைவிடக் கெட்டியாக ஓடுவதால் பம்புக்குக் கரண்ட் மட்டும் கூடும். அப்புறம் 51 டிகிரி வாக்கில் உருகும் டெட்ராகோசேன் மெழுகுக்கு மாறினோம், ஐஜிபிடிக்கு அந்தச் சூடு ஒன்றுமே இல்லை, கோடையிலும் ஒழுங்காக உறைகிறது. விற்பவரிடம் உருகுநிலை மட்டும் கேட்காதீர்கள், குளிரும்போது எந்தச் சூட்டில் உறைகிறது என்று காட்டும் டிஎஸ்சி (வெப்பத்தை அளக்கும் சோதனை) வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பு உண்டு. வார இறுதியில் நிறுத்தி வைத்தால் திங்கட்கிழமை டேங்கின் மேல் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும், கலக்கிவிட்டுத்தான் பம்பைப் போட வேண்டும். பல்சக்கரங்களால் திரவத்தைத் தள்ளும் கியர் பம்ப் வேண்டவே வேண்டாம், பல்லிடுக்கில் ஓடு நசுங்கி ஃபில்டரில் மெழுகு வழவழவென்று ஒட்டுகிறது. சுழலும் இறக்கைகளால் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் போட்ட பிறகு அது நன்றாகவே குறைந்துவிட்டது.

வீட்டுக் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விக்கும் லூப்புக்கு இதை ஊற்றலாமா என்றால், வேண்டாம். சிப்பின் மேல் உட்காரும் வாட்டர் பிளாக்கின் மெல்லிய இடுக்குகளில் மெழுகு அடைத்தால் பிரித்துத்தான் கழுவ வேண்டும். சோதனை பெஞ்சுக்கு மட்டும் நான் இதையே தொடர்வேன்.