பி.பி.எம். அட்டவணையா, பிளவுக் கணக்கா?

சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களிடமும், நெட், டி.ஆர்.பி. தேர்வுக்குத் தயாராகிறவர்களிடமும் ஒரு ப்ரோட்டான் என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் ஹைட்ரஜன்கள் தரும் உச்சங்களை வைத்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்கும்) கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். சிலர் நேராகக் கெமிக்கல் ஷிஃப்ட் (பி.பி.எம். அளவில் உச்சம் நிற்கும் இடம்) அட்டவணைக்குப் போவார்கள். 7-க்கு மேலா, பென்சீன் வளையம், 9.8-ஆ, ஆல்டிஹைடு; 2.1-ஆ, கார்பனைலை ஒட்டிய மெத்தில். வேறு சிலர் இன்டக்ரேஷனை (உச்சத்தின் பரப்பு காட்டும் ஹைட்ரஜன் எண்ணிக்கையை) எண்ணி, பிளவைப் (பக்கத்துக் கார்பனில் உள்ள ஹைட்ரஜன்களைவிட ஒன்று கூடுதலாக உச்சம் உடைவதை) பார்த்து, துண்டு துண்டாக மூலக்கூறை ஒட்டுவார்கள். நான் இந்த இரண்டாம் கட்சி.

காரணம், அட்டவணையில் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. 4.2 பக்கம் ஓர் உச்சம் என்றால் எஸ்டர் ஆக்சிஜனை ஒட்டிய சி.எச்.2 ஆகவும் இருக்கலாம், புரோமினை ஒட்டிய சி.எச். ஆகவும் இருக்கலாம். ஆனால் அதே உச்சம் ஒரே ஹைட்ரஜனுக்கு உரியதாய், ஏழாகப் பிளந்து, 1.7-இல் ஆறு ஹைட்ரஜன் கொண்ட டபுளெட்டும் (இரண்டாகப் பிளந்த உச்சம்) கூட இருந்தால் பேச்சே வேண்டாம், ஐசோபுரோப்பில். மூலக்கூறு வாய்பாட்டில் புரோமின் இருந்தால் விடை 2-புரோமோபுரோப்பேன். இதில் அட்டவணைக்கு வேலையே இல்லை.

சரி, எத்தில் அசிட்டேட்டையும் மெத்தில் புரோப்பனோயேட்டையும் எடுங்கள். வாய்பாடு ஒன்று. இரண்டிலும் ஒரு சிங்லெட் (பிளவில்லாத உச்சம்), ஒரு குவார்ட்டெட் (நான்காகப் பிளந்தது), ஒரு டிரிப்லெட் (மூன்றாகப் பிளந்தது), இன்டக்ரேஷன் 3:2:3. பிளவை மட்டும் பார்ப்பவர் இங்கே முழிக்க வேண்டியதுதான். குவார்ட்டெட் 4.1-இல் இருந்தால் எத்தில் அசிட்டேட், குவார்ட்டெட் 2.3-இலும் சிங்லெட் 3.7-இலும் நின்றால் மற்றது. தேர்வில் விரும்பிக் கேட்கும் ஜோடி இது.

இரண்டு கட்சிக்கும் நல்ல மைதானம் ஏற்காட்டுக் காப்பிதான். முதலில் கஃபீன். எட்டு கார்பன், பத்து ஹைட்ரஜன், நான்கு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன், நிறைவுறாமை (வளையங்கள், இரட்டைப் பிணைப்புகளின் மொத்த எண்ணிக்கை) 6. டியூட்டரோகுளோரோஃபார்ம் கரைப்பானில் நான்கே உச்சங்கள்: 3.4, 3.6, 4.0-இல் தலா மூன்று ஹைட்ரஜன், 7.5-இல் ஒன்று. நான்கும் சிங்லெட். (7.26-இல் தெரிவது கரைப்பானின் மிச்சம், அதை எண்ணாதீர்கள்.) என் கட்சிக்காரன் கைகட்டி நிற்பான். அட்டவணைதான் பேசும்: சாதாரண அமீனின் மெத்தில் 2.3 பக்கம் வரும். இவை இவ்வளவு தள்ளி வந்திருப்பதால் நைட்ரஜன்கள் கார்பனைலை ஒட்டியோ அரோமாட்டிக் வளையத்திலோ இருக்க வேண்டும். ஆனாலும் 3.4 எந்த மெத்தில், 3.6 எந்த மெத்தில் என்று உறுதியாகச் சொல்ல எச்.எம்.பி.சி. (ஹைட்ரஜனிலிருந்து இரண்டு மூன்று பிணைப்பு தள்ளியுள்ள கார்பனைக் காட்டுவது) போன்ற இருபரிமாண நிறமாலை வேண்டும்.

அதே காப்பியின் பச்சைக் கொட்டையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலத்தில் கதை திரும்பிவிடுகிறது. 7.5 பக்கம் ஒரு டபுளெட். அட்டவணைக்காரர் தயங்காமல் பென்சீன் ஹைட்ரஜன் என்று எழுதிவிடுவார். ஜே மதிப்பை (பிளந்த கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை) அளந்தால் 16 ஹெர்ட்ஸ். வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் ஆர்த்தோ ஜோடிக்கு 8 பக்கம்தான் வரும். 6.3-இல் அதே 16-உடன் இணை டபுளெட் நிற்கிறது. ஆக இது வளையம் இல்லை, ஹைட்ரஜன்கள் எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பு. இரண்டும் ஒரே பக்கம் நிற்கும் சிஸ் என்றால் 12-க்குள் அடங்கியிருக்கும்.

கருவியும் இந்தப் போட்டியில் தலையிடும். ஜே ஹெர்ட்ஸில் மாறாது. அந்த 16 ஹெர்ட்ஸ் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 0.04 பி.பி.எம். அகலம்தான், மேசைமேல் வைக்கும் 60 மெகாஹெர்ட்ஸ் கருவியிலோ 0.27. சிறிய கருவியில் பக்கத்துப் பக்கத்து உச்சங்கள் ஒன்றோடொன்று மோதி, பிளவுக் கணக்கு குழம்பிவிடும். அங்கே தனித்து நிற்கும் சிங்லெட்டுக்குத்தான் மதிப்பு. அராபிகாப் பொடியில் ரோபஸ்டா கலந்திருக்கிறதா என்று பார்க்க 16-ஓ-மெத்தில்கஃபெஸ்டால் என்ற சேர்மத்தின் மெத்தாக்சி சிங்லெட்டைத் தேடுகிறார்கள். அது 3.16 பக்கம் வரும்; ரோபஸ்டாவில் தாராளமாக இருக்கிறது, அராபிகாவில் இல்லாத குறைதான். இதற்கு 60 மெகாஹெர்ட்ஸே போதும், பிளவு தெரிந்திருக்கவும் வேண்டாம்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு என் வரிசை: வாய்பாடு, நிறைவுறாமை, இன்டக்ரேஷன், பிளவு, கடைசியில் ஷிஃப்ட். எல்லாமே சிங்லெட்டாக வந்தால் மட்டும் அட்டவணையை முதலில் திறங்கள். ஒரு துளி டி2ஓ (கனநீர்) சேர்த்ததும் காணாமல் போகும் ஓ.எச். உச்சத்தை இரண்டு கணக்கிலும் நம்பாதீர்கள். அதன் இடம் செறிவுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஓடிக்கொண்டே இருக்கும்.