சொந்த ஆய்வா, கூட்டு ஆய்வா?

கொரோனா முதல் அலையில் எங்கள் மருத்துவமனையின் முன் இரண்டு வழிகள் இருந்தன. சொந்தமாக ஒரு சிறு மருந்து ஆய்வு தொடங்கலாம். அல்லது பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பெரிய ஆய்வில் இணையலாம். நோயாளிகளின் விவரங்களைப் பதிவுசெய்வது என் வேலை. நான் இரண்டாவதற்குக் கை தூக்கினேன், இன்றும் அதன் பக்கம்தான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சொந்த ஆய்வின் கவர்ச்சி தெரிந்ததுதான்: கேள்வி நம்முடையது, கட்டுரையில் முதல் பெயரும் நம்முடையது. ஆனால் நோயாளிகள் போதாவிட்டால் எல்லாம் வீண். 2020இல் வூஹான் பகுதியில் 10 மருத்துவமனைகள் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சோதித்தன. 453 பேர் தேவைப்பட்டார்கள். அலை ஓய்ந்துவிட்டதால் 237 பேரோடு நிறுத்த நேர்ந்தது. மருந்து பலன் தருகிறதா இல்லையா என்று அதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்து மருத்துவமனைகளுக்கே அந்த நிலை என்றால் ஒற்றை மருத்துவமனை எம்மாத்திரம்?

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது படிவம். யாரும் பேச விரும்பாத விஷயம் இது. வழக்கமான ஆய்வில் ஒரு நோயாளிக்குத் தினமும் ரத்த அளவுகள், அறிகுறிகள், பக்கவிளைவுகள் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு, ஆளுக்கு இருபது படுக்கைகளைப் பார்க்கும் செவிலியரிடம் அதை எப்படிக் கேட்பது? பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. முதன்மைக் கேள்வி ஒன்றே: 28 நாளில் நோயாளி உயிரோடு இருக்கிறாரா? சேர்க்கும்போது சில விவரங்கள். வீடு திரும்பும்போதோ இறக்கும்போதோ 28ஆம் நாளிலோ ஒரு குறும்படிவம். அவ்வளவுதான். பளு குறைந்ததால் சாதாரண வார்டுகளும் சேர முடிந்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஆய்வு ஜூன் 16 அன்றே டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பற்றிய முடிவை அறிவித்தது: வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. அதே ஆய்வு, உலகமே தேடி அலைந்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் இறப்பைக் குறைக்கவில்லை என்பதையும் காட்டியது.

பணத்துக்கும் இதில் பங்குண்டு. டெக்ஸாமெதசோன் காப்புரிமை காலாவதியான பழைய, மலிவான மருந்து. அதைச் சோதிக்க எந்த நிறுவனம் பெருந்தொகை இறக்கும்? ரெகவரிக்குப் பொதுநிதி வந்ததால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது.

மறுபக்கமும் உண்டு. ரெகவரியில் யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியும். மரணத்தை எண்ணும்போது அது பெரிய குறையல்ல. 'எத்தனை நாளில் தேறினார்' என்று கேட்டால் குறைதான்; எந்த மருந்து என்று தெரிந்தவரின் கணிப்பு ஒரு பக்கம் சாயலாம். அமெரிக்க அரசு நிதியில் நடந்த ரெம்டெசிவிர் ஆய்வு அதனால்தான் யாருக்கு எது என்று தெரியாதபடி, மருந்தே இல்லாத வெற்றுத் திரவத்தை ஒப்பீட்டுக்கு வைத்தது. 1,062 பேரில் தேறும் காலம் 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைந்ததாக அதன் இறுதி அறிக்கை சொன்னது.

தடுப்பூசி ஆய்வுகளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆரோக்கியமான பல்லாயிரம் பேரை மாதக்கணக்கில் பின்தொடரும் வேலையை நான் செய்ததில்லை. என் படிவ வாதம் அங்கே எடுபடாமல் போகலாம்.

முதல் பெயர் ஆசையோடு சொந்த ஆய்வுக்கு வாதாடிய மூத்த மருத்துவர் இன்னும் என்னிடம் லேசான வருத்தத்தோடுதான் பேசுகிறார். கூட்டு ஆய்வின் கட்டுரை வந்தபோது, பிற்சேர்க்கையின் நெடும் பட்டியலில் எங்கள் பெயர்களைக் கண்டுபிடிக்க இருவரும் ஒரே கணினித் திரையில் வெகுநேரம் தேடினோம்.